குளிசையும் கசாயமும்

யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கு "கிரியற்றினின் கூடிப்போச்சு" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டால், அந்த வீட்டில் அன்றைக்கே இரண்டு ஏற்பாடுகள் தொடங்கிவிடும். ஒன்று, மாதாமாதம் கிளினிக்குக்குப் போய்க் கொப்பியில் பதிந்து குளிசை எடுத்து வருவது. மற்றது, தெரிந்தவர்கள் சொல்லும் பரியாரியாரைத் தேடிப் போவது. அல்லது வளவில் நிற்கும் தேங்காய்ப்பூக்கீரையையும் நெருஞ்சிலையும் பிடுங்கி வந்து அவித்துக் குடிப்பது. கிளினிக் கொப்பியைப் பரியாரியாரிடம் தயங்காமல் காட்டுவார்கள். பரியாரியாரின் மருந்தைப் பற்றி டாக்குத்தரிடம் வாய் திறக்க மாட்டார்கள். "வேறை மருந்து ஏதும் எடுக்கிறீங்களோ?" என்று அவர் கேட்டால், "இல்லை ஐயா" என்பதுதான் வழக்கமான பதில். உண்மையைச் சொன்னால் ஏச்சு விழும் என்ற பயம்.

அந்த "இல்லை ஐயா" என்ற பதிலால் நோயாளியின் உடலுக்குள் என்னென்ன நடக்கக்கூடும் என்பதை இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம்.

இரண்டு மருத்துவங்களும் ஒன்றையொன்று அறியாமல் வாழவேண்டிய கட்டாயம் இந்த மண்ணில் இருந்ததில்லை. யாழ்ப்பாண அரசர்களின் சிம்மாசனப் பெயர்களைத் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் மருத்துவ நூல்கள் நம்முடையவை. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைத்தேய மருத்துவத்தை மானிப்பாயில் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றியல் முதல் இரசாயனம் வரை பாடநூல்களைத் தம் மாணவர்களோடு சேர்ந்து தமிழாக்கினார். "கெமிஸ்தம்" என்ற இரசாயன நூல் 1875 இல் வந்தது. பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் 1978 இலும், கைதடியில் சித்த மருத்துவப் படிப்பு 1984 இலும் தொடங்கின. ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் இரண்டு மருத்துவமும் படிப்பிக்கப்படுகின்றன. ஆனால் ஒரே நோயாளியின் இரண்டு மருந்துச் சீட்டுகள் ஒரு மேசைக்கு வருவதில்லை.

மற்ற நோய்களில் இந்த மறைப்பால் பெரிய கேடு வராமல் போகலாம். சிறுநீரக நோயில் வரும். காரணம் அந்த உறுப்பின் வேலையிலேயே இருக்கிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து இலட்சம் சிறுநீரகத்திகள் என்னும் நுண்ணிய வடிகள் உள்ளன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லீற்றர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டி, வேண்டியதை எல்லாம் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லீற்றர் அளவை மட்டும் சலமாக வெளியே விடுகின்றன. நாம் சாப்பிடும் உணவின் பொற்றாசியம், பொசுபரசு, புரதக் கழிவு, குளிசையின் மிச்சம், மூலிகையின் சாரம் எனப் பலவும் உடலைவிட்டுப் போக முக்கியமான வழி இதுதான். சலரோகமும் உயர் இரத்த அழுத்தமும் இந்த வடிகளை வருடக்கணக்காக ஓசையில்லாமல் அடைத்துக்கொண்டே போகும். வேலைத்திறன் பாதி குறையும்வரை, இரத்தத்தில் அளக்கும் கழிவான கிரியற்றினின் பெரிதாக அசையாது. மூன்று மாதத்துக்கு மேல் பழுது நீடித்தால் அதை நாட்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்லி ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். வடிகட்டும் வீதம் 15 க்குக் கீழே இறங்கினால் ஐந்தாம் நிலை. டயலிசிஸ் பற்றிய பேச்சு அதற்கு முன்பே தொடங்கிவிடும்.

இனி மூலிகைக்கு வருவோம். தேங்காய்ப்பூக்கீரை என்று நாம் சொல்லும் சிறுபீளை, நீர்முள்ளி, நெருஞ்சில், மூக்கிரட்டை, வாழைத்தண்டு ஆகியவற்றுக்கு நம் மரபில் சலத்தைப் பெருக்கும் மருந்துகள் என்ற பெயர் உண்டு. சலக்கடுப்புக்கும் கல்லுக்கும் இவற்றைக் கொடுத்ததில் நியாயம் இருந்தது: சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவருக்குக் கல் அடைத்தால், சலம் கூடுதலாகப் போவது உதவும். சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், "கிட்னி வருத்தம்" என்ற ஒரே பெயரில் கல்லையும் சிறுநீரகச் செயலிழப்பையும் ஊர் ஒன்றாக்கிவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கல் கரைந்த மருந்து, வடிகள் அழிந்துகொண்டிருக்கும் ஒருவருக்கும் போய்ச் சேருகிறது. குடித்தவர் "இப்ப சலம் நல்லாப் போகுது" என்று ஆறுதல் அடைகிறார். சலத்தின் அளவு வேறு, அதில் கழிவு போகும் அளவு வேறு. ஒரு நாளைக்கு இரண்டு லீற்றர் சலம் போகிறவருக்கும் இரத்தத்தில் யூரியா ஏறிக்கொண்டே இருக்கலாம்.

கசாயம் வைக்கும் முறையைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். உலர்ந்த சரக்கை ஒன்றிரண்டாக இடித்துச் சட்டியில் போட்டு, எட்டுப் பங்கு தண்ணீர் விட்டு, ஒரு பங்காக வற்றும்வரை காய்ச்சி வடித்துக் குடிக்கிறோம். ஆனையிறவு உப்பளத்தில் நடப்பதுதான் இந்தச் சட்டியிலும் நடக்கிறது: தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு நிற்கும். இலைகளிலும் வேர்களிலும் உள்ள பொற்றாசியம் தண்ணீரில் எளிதில் கரையும்; எவ்வளவு கொதித்தாலும் ஆவியாகாது. எட்டுக் கோப்பைக்குள் இருந்தது ஒரு கோப்பைக்குள் வந்து சேரும்.

சிறுநீரகக் கிளினிக்கில் உணவு ஆலோசனை சொல்பவர், பொற்றாசியம் கூடியவருக்கு இதற்கு நேர்மாறாகச் சொல்வார்: மரக்கறியைச் சிறிதாக வெட்டி ஊறவிடுங்கள், நிறையத் தண்ணீரில் அவியுங்கள், அவித்த தண்ணீரை ஊற்றிவிடுங்கள். ஊற்றச் சொன்ன அந்தத் தண்ணீர்தான் கசாயத்தில் மருந்தாகிறது. இலைக்கஞ்சியும் இந்தக் கணக்கிலேயே வரும். "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று கொடுக்கும் இளநீரின் ஒவ்வொரு 100 மில்லிலீற்றரிலும் ஏறக்குறைய 200 மில்லிகிராம் பொற்றாசியம் இருக்கும். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு இவை எல்லாம் நல்ல உணவு. மிஞ்சியது சலத்தோடு போய்விடும். நான்காம், ஐந்தாம் நிலை நோயாளிக்குப் போகாது. இரத்தத்தில் 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கவேண்டிய பொற்றாசியம் 6.5 ஐத் தாண்டினால் இதயத்தின் துடிப்பு ஒழுங்கு கெட்டு, முன்னறிவிப்பே இல்லாமல் நின்றும் போகலாம். நீரடைப்புக்குச் சித்த மருத்துவத்தில் கொடுக்கும் வெடியுப்புச் சுண்ணத்தின் மூலப்பொருளான வெடியுப்பு, இரசாயனவியலில் பொற்றாசியம் நைத்திரேற்று. கடையில் "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதில் பெரும்பாலும் கலந்திருப்பது பொற்றாசியம் குளோரைட்டு. பத்தியத்துக்கென்று இந்துப்புக்கு மாறுகிறவர்களும் கவனிக்கவேண்டும்: அதுவும் சோடியம் குளோரைட்டுத்தான்.

இப்போது அந்த "இல்லை ஐயா" என்ற பதிலுக்குத் திரும்புவோம். சலத்தில் புரதம் போகும் நோயாளிக்குக் கிளினிக்கில் பெரும்பாலும் லொசார்ட்டான் அல்லது எனலப்பிறில் கொடுத்திருப்பார்கள். இரத்த அழுத்தத்தைக் குறைப்பதோடு, சிறுநீரக வடிகளுக்குள் இருக்கும் அழுத்தத்தையும் தணித்து நோயின் வேகத்தைக் குறைக்கும் குளிசைகள் இவை. இவற்றுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு: பொற்றாசியத்தைச் சற்று ஏற்றும். அதற்கு மேலே தினமும் ஒரு கோப்பை கசாயமும் சேர்கிறது என்று வையுங்கள். அடுத்த இரத்தப் பரிசோதனையில் பொற்றாசியம் 5.9. கசாயம் பற்றி எதுவும் தெரியாத டாக்குத்தர் குளிசையைச் சந்தேகித்து அதன் அளவைக் குறைப்பார், அல்லது நிறுத்துவார். அவரிடம் உள்ள தகவலின்படி அவர் செய்வது சரி. சிறுநீரகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த மருந்து நின்றுவிடுகிறது, கசாயம் தொடர்கிறது. மறைப்பின் விலை இவ்வளவு பெரிது என்று நோயாளிக்கு யாரும் விளக்கிச் சொன்னதில்லை.

பழங்களிலும் ஆபத்து உண்டு. குறுக்கே வெட்டினால் ஐந்து முனை நட்சத்திரம் போலத் தெரியும் பழத்தைச் சிங்களத்தில் காமரங்கா என்பார்கள். நம் வீட்டு வளவுகளிலும் இந்த மரம் நிற்கிறது. அதன் உறவுதான் பிலிம்பிக்காய். இரண்டிலும் ஒட்சலிக்கமிலம் மிக அதிகம். சலரோகத்துக்கு நல்லது, கொலஸ்திரோல் குறையும் என்று கேட்டு இவற்றைச் சாறாகப் பிழிந்து, வெறும் வயிற்றில் குடித்தவர்கள் சிறுநீரகம் செயலிழந்து ஆஸ்பத்திரிக்கு வந்ததை இலங்கையிலும் கேரளத்திலும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கேரளத்தில் பிலிம்பிச் சாற்றால் பாதிக்கப்பட்ட பத்துப் பேரைப் பற்றிய அறிக்கை 2013 இல் வெளியானது. இப்படிப்பட்டவர்களின் சிறுநீரகத்தில் ஊசியால் எடுத்த துணுக்கை முனைவாக்கிய ஒளியில் நுணுக்குக்காட்டி வழியே பார்த்தால், நுண்குழாய்களை அடைத்துக்கொண்டு கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகள் விசிறி விசிறியாக மின்னும்.

ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவருக்கு நட்சத்திரப் பழம் வேறொரு வழியிலும் கேடு செய்யும். அதில் கரம்பொக்சின் என்ற நரம்பு நஞ்சு உண்டு என்று 2013 இல் பிரேசில் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். டயலிசிஸ் நோயாளிக்கு ஒரு பழமே போதும்: சில மணி நேரத்தில் நிற்காத விக்கல், பிறகு வாந்தி, புத்தி தடுமாற்றம், வலிப்பு. சிறுநீரக நோயாளி ஒருவருக்கு விடாமல் விக்கல் எடுத்தால் இந்தப் பழத்தைச் சாப்பிட்டாரா என்று உடனே கேளுங்கள். ஆம் என்றால் தண்ணீர் கொடுத்துக்கொண்டு வீட்டில் காத்திருக்க வேண்டாம். டயலிசிஸ் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள்.

பொற்றாசியத்தையும் ஒட்சலேற்றையும்விட மெதுவாக, ஆனால் மீளமுடியாதபடி கெடுக்கும் தாவரப் பேரினம் ஒன்று உண்டு. ஈச்சுரமூலி, ஆடுதீண்டாப்பாளை ஆகியவை அதைச் சேர்ந்தவை. தாவரவியலில் அரிஸ்டோலோக்கியா என்பது அதன் பெயர். 1990களின் தொடக்கத்தில் பிரசெல்ஸ் நகரில், உடல் மெலியச் சிகிச்சை பெற்ற இளம் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் செயலிழந்து வந்தார்கள். எண்ணிக்கை நூற்றைத் தாண்டியது. வான்ஹெர்வெகம் என்ற சிறுநீரக மருத்துவரும் குழுவினரும் 1993 இல் அதை வெளிப்படுத்தினார்கள். மெலியும் மாத்திரையில் சேர்க்கவேண்டிய சீன மூலிகைக்குப் பதிலாக, பெயரிலும் வேரின் தோற்றத்திலும் அதை ஒத்த அரிஸ்டோலோக்கியா வேர் கலந்துவிட்டது. மருந்தை நிறுத்திய பிறகும் சிறுநீரகங்கள் சுருங்கிக்கொண்டே போயின. வருடங்கள் கழித்துப் பலருக்குச் சிறுநீர்க் குழாயில் புற்றுநோயும் வந்தது. தான்யூப் நதியின் கிளையாறுகளை அண்டிய கிராமங்களில் தலைமுறைகளாகச் சிறுநீரகங்களை அழித்துவந்த நோய்க்கும், கோதுமை வயலில் களையாக முளைத்த இதே பேரினச் செடியின் விதை மாவில் கலந்ததே காரணம் என்பதற்கு 2007 இல் வலுவான சான்று கிடைத்தது. இந்தத் தாவரங்களின் அமிலம் சிறுநீரக நுண்குழாய்க் கலங்களுக்குள் புகுந்து மரபணு இழையோடு ஒட்டிக்கொள்கிறது. பல வருடம் கழித்தும் அந்தத் தடயத்தை இழையத்தில் காணலாம்.

வடமத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்து, வவுனியா வரை பரவியிருக்கும் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோயைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு ஓர் ஆய்வு நடந்தது. 2013 இல் வெளியான அதன் முடிவுகள், கட்மியம் முதலியவற்றோடு அரிஸ்டோலோக்கியா சேர்ந்த சுதேச மருந்துகளையும் பங்களிக்கக்கூடிய காரணிகளில் ஒன்றாகக் குறிப்பிட்டு, அவற்றைக் கட்டுப்படுத்தச் சொன்னன. அந்த நோயின் முழுக் காரணம் இன்னும் வாதத்துக்குரியது. ஈச்சுரமூலியின் நஞ்சில் வாதத்துக்கு இடமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் முதல் தொகுதியில் வைத்திருக்கிறது.

பிரசெல்ஸ் கதை யாழ்ப்பாணத்துக்கு ஏன் முக்கியம்? முந்தைய பரியாரியார் தன் மருந்துக்குத் தானே செடி தேடினார், தானே இடித்தார். பூவும் இலையுமாக நிற்கும் செடியை அவர் கண் ஏமாறாது. இன்றைக்கு உலர்ந்த வேர்த் துண்டுகள் கொழும்பு வழியாகவும் இந்தியாவிலிருந்தும் மூட்டையில் வருகின்றன. தூளாகப் பைக்கற்றில் வருகின்றன. யூடியூப் காணொளியின் கீழே இருக்கும் தொலைபேசி எண்ணுக்கு அழைத்தால் தபாலில் வீடு தேடி வருகின்றன. இடித்துத் தூளாக்கிய வேரை எந்த அனுபவசாலியாலும் கண்ணால் பார்த்து அடையாளம் சொல்ல முடியாது. மரபின் பாதுகாப்பாக இருந்த அந்தக் கண் இந்தச் சங்கிலியில் காணாமல் போய்விட்டது. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்த மருத்துவருக்கும் பதிவு கேட்கிறது. காணொளிக்காரரிடம் யாரும் பதிவு கேட்பதில்லை.

உலோக மருந்துகளைப் பற்றி என் தீர்ப்பு கடுமையானது. இரசம், கந்தகம், பாஷாணம் சேர்ந்த செந்தூரங்களையும் பற்பங்களையும் முறைப்படி சுத்திசெய்தால் நஞ்சு முறியும் என்று மரபு சொல்கிறது. உடலுக்குள் போகும் அசேதன இரசம் மற்ற உறுப்புகளைவிடச் சிறுநீரகத்திலேயே அதிகமாகத் தங்குகிறது என்று ஆய்வு சொல்கிறது. 2004 இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்காவின் பொஸ்ரன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14 இல் ஈயம், இரசம் அல்லது ஆசனிக்கு இருந்தது. இந்திய மருத்துவர்கள் 2022 இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் அருகிலானது: சலத்தில் புரதம் கொட்டும் ஒருவகைச் சிறுநீரக நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பாரம்பரிய மருந்து எடுத்தவர், சித்த மருந்துகளும் அவற்றில் இருந்தன, சோதித்தவற்றில் இரசமும் இருந்தது. மருந்தை நிறுத்தியபின் பலருக்கு நோய் தணிந்தது. சிறுநீரகம் பழுதான எவரும் ஆய்வுகூடச் சோதனை இல்லாத செந்தூரத்தையோ பற்பத்தையோ வாயில் வைக்கக்கூடாது.

"எங்கட மாமாவுக்கு ஐந்தில் இருந்த கிரியற்றினின் கசாயம் குடிச்சு மூன்றுக்கு இறங்கினது" என்று சொல்பவர் பொய் சொல்வதில்லை. வயிற்றோட்டம், காய்ச்சல், கிருமித்தொற்று, மூட்டு வலிக்குப் போட்ட டைகுளோபெனாக் ஆகியவற்றால் நாட்பட்ட நோயின்மேல் திடீர்ப் பழுது ஒன்று ஏறிக் கிரியற்றினின் துள்ளும். அந்தக் காரணம் நீங்கியதும் தானாக ஓரளவு இறங்கும். அதே கிழமைகளில் எதைக் குடித்தாலும் பெயர் அதற்குப் போகும். இன்னொன்று, பரியாரியார் சொல்லும் பத்தியம். மீனும் இறைச்சியும் நின்றால் உடலுக்குள் வரும் கிரியற்றினினும் புரதக் கழிவும் குறைகின்றன. உப்பும் குறைந்தால் இரத்த அழுத்தம் இறங்குகிறது. பத்தியத்தின் இந்தப் பகுதி நவீன உணவு ஆலோசனையோடு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் சாப்பாடு மிகக் குறைந்து தசை கரைந்தாலும் கிரியற்றினின் இறங்கும். நோயாளி மெலிந்துகொண்டே போக, இலக்கம் அழகாகிறது. அதைக் குணம் என்று எண்ணி டயலிசிஸைத் தள்ளிப் போடுகிறவர் மூச்சு முட்டித்தான் ஆஸ்பத்திரிக்கு வருவார்.

தாவரத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. மேலைத்தேய மருந்துகளும் சிறுநீரகத்தை அழித்திருக்கின்றன: பினசிற்றின் என்ற வலி மாத்திரை கடந்த நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் எண்ணற்றோரின் சிறுநீரகங்களைக் கெடுத்த பிறகே கைவிடப்பட்டது. மறுபக்கம், 1835 இல் அப்பிள் மரப்பட்டையிலிருந்து புளோரிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது சலத்தில் சீனியை வெளியேற்றும் என்று அதே நூற்றாண்டின் இறுதியில் தெரிந்தது. குடலைப் புரட்டும், உடலில் சரியாகச் சேராது என்பதால் நேரடியாகக் கொடுக்க முடியவில்லை. அதன் அமைப்பை மாற்றி மாற்றி இரசாயனவியலாளர்கள் உருவாக்கிய குடும்பத்தில் டபாகிளிபுளோசின் ஒன்று. 4,304 சிறுநீரக நோயாளிகளிடம் அதைச் சோதித்து 2020 இல் வெளியான ஆய்வில், சிறுநீரகம் பெரிதாகக் கெடுவதும் அதனாலோ இதய நோயாலோ இறப்பதும் வெற்றுக் குளிசை எடுத்தவர்களைவிட 39 சதவீதம் குறைந்தன. மரப்பட்டையிலிருந்து இந்த முடிவுக்கு வர 180 வருடத்துக்கு மேல் ஆயிற்று. மூக்கிரட்டைக்கும் நீர்முள்ளிக்கும் அப்படி ஒரு பெரிய சோதனையை இன்னும் யாரும் செய்து முடிக்கவில்லை. அவற்றில் ஏதும் இருக்கலாம். கைதடிக்கும் மருத்துவ பீடத்துக்கும் சேர்ந்து செய்ய இதைவிடத் தகுந்த வேலை எனக்குத் தோன்றவில்லை.

அதுவரைக்கும் சேர்ந்து நடக்க இடம் உண்டு. முழங்கால் நோவுக்கு உள்ளுக்கு வலி மாத்திரை போடுவதைவிட வெளியே தைலம் பூசுவது சிறுநீரகத்துக்குப் பாரம் குறைந்தது. உப்பையும் புலாலையும் குறைக்க மரபுப் பத்தியம் மனதைப் பழக்கும். பதிவுபெற்ற சித்த மருத்துவர் ஒருவர் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து, "உங்களுக்கு இந்தக் கசாயம் வேண்டாம்" என்று சொன்னால் வீட்டில் எவரும் மறுக்க மாட்டார்கள். அந்த ஒரு சொல்லுக்கு ஆஸ்பத்திரியின் பத்து ஏச்சுக்கு இல்லாத பலம் உண்டு. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள் மட்டும் சீந்தில் போன்ற "எதிர்ப்புச் சக்தி" மருந்துகளை அறவே தவிர்க்கவேண்டும். அவர்கள் போடும் குளிசைகள் அந்தச் சக்தியை வேண்டுமென்றே அடக்கி வைத்திருக்கின்றன.

கிளினிக் டாக்குத்தர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஏசாதீர்கள். என்ன கசாயம், எத்தனை நாளாக என்று கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். 2022 இல் நாடு பணமில்லாமல் தவித்து ஆஸ்பத்திரியில் மருந்து தட்டுப்பட்டபோது இந்த மக்களுக்கு வளவுச் செடிதான் எட்டும் தூரத்தில் இருந்தது என்பதை நினையுங்கள். நோயாளிக்கும் வீட்டாருக்கும்: அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது குடிக்கிற கசாயச் சரக்கில் ஒரு பிடியை, தூள் என்றால் அதன் பைக்கற்றை, ஒரு பையில் போட்டுக் கொப்பியோடு கொண்டுபோங்கள். கேட்கும்வரை காத்திருக்காமல் மேசையில் வையுங்கள். அன்றைக்கே இரத்தத்தில் பொற்றாசியம் எவ்வளவு என்று கேட்டு, அந்த இலக்கத்தைப் பரியாரியாரிடமும் காட்டுங்கள்.